சுவாசக் கருவியில் இருந்தவரின் இதயம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

எக்கோ அக்கா, கோலாலம்பூர்

இதய எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது, என் வேலை. 2021 ஆகஸ்டில், கோவிட் பரவலில், கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்ட் 26 அன்று மட்டும் மலேசியாவில் 24,599 பேருக்குத் தொற்று. சுவாசக் கருவியில் கிடந்த ஐந்தாம் கட்ட (மிகக் கடுமையான நிலை) நோயாளிகளுக்காக எங்களுக்கு வந்த சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருந்தது: இரத்த அழுத்தம் இறங்குகிறது, இதயம் பலவீனமாகிவிட்டதா?

இயந்திரத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டு, கண்ணாடியில் படியும் ஆவிக்கு நடுவே படம் பிடிக்க வேண்டும். சுவாசக் கருவி காற்றை அழுத்தி ஊட்டுவதால் நுரையீரல் உப்பி இதயத்தை மறைத்துவிடும். எக்கோ முனையை மார்பில் வைத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, மேல் வயிற்றில் வைத்துப் பார்த்தால்தான் சற்றே பிடிபடும்.

பலருக்கு இடது கீழறை நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. தவித்தது வலது கீழறை. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இடது அறைக்குத் தடித்த சுவர். நுரையீரலுக்கு மட்டும் அனுப்பும் வலது அறைக்கு மெல்லிய சுவர் போதும், ஏனென்றால் அங்கே சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதில்லை. வைரஸ் நிமோனியா முற்றினால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பிராணவாயு எட்டாத பகுதிகளில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கும். நுண்ணிய இரத்தக் கட்டிகள் வேறு அடைக்கும். கருவியின் அழுத்தமும் அதே குழாய்களை நெரிக்கும். வலது அறை விரிந்து நடுச்சுவரைத் தள்ளும்போது, வட்டமாக இருக்க வேண்டிய இடது அறை ஒரு பக்கம் தட்டையாகத் தெரியும். அதைத் திரையில் பார்த்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் அங்கேயே மருத்துவரை அழைத்துவிடுவேன்.

"இதயம் பரவாயில்லை" என்று குடும்பத்தாரிடம் சொல்லப்படும் வரி பல நேரம் இடது பக்கத்தை மட்டும் குறிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசை.

துறைமுகத்தார் மகன், பட்டர்வொர்த்

என் அப்பாவுக்குக் கோவிட் இல்லை, இன்ஃபுளுவென்சா. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். மூச்சு வாங்கத் தொடங்கிய அன்றே குழாய் போட்டுச் சுவாசக் கருவியில் இணைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் இரத்தத்தில் ட்ரோபோனின், இதயத் தசையிலிருந்து கசியும் புரதம், கூடியிருக்கிறது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் ஆளாளுக்கு மருத்துவர்தான், மருத்துவம் படித்தவர் யாரும் இல்லை. சித்தப்பா உடனே மாரடைப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆஞ்சியோ ஏன் செய்யவில்லை என்று வார்டு வாசலில் சண்டை. இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக உட்கார வைத்துப் பேசினார். இதயத் தசை எதனால் துன்பப்பட்டாலும் ட்ரோபோனின் ஏறும், அப்பாவின் இசிஜியிலும் எக்கோவிலும் இதயக் குழாய் அடைப்புக்கான அடையாளம் இல்லை என்றார். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "காகிதக் கட்டுத் தூக்கிப் பழகியவர் முதுகில் திடீரென்று அரிசி மூட்டையை ஏற்றினால் எப்படி இருக்கும்? வலது இதயத்துக்கு இப்போது அந்த நிலைதான்" என்றார். சித்தப்பாவே வாயடைத்துப் போனார்.

அதைவிட எங்களைக் குழப்பியது சிறுநீர் மருந்து. அழுத்தம் குறைந்தால் உப்புநீர் ஏற்றுவார்கள் என்பதுதான் நாங்கள் அறிந்தது. இவர்களோ அழுத்தத்தைத் தாங்க ஒரு மருந்தும், நீரை வெளியேற்ற இன்னொரு மருந்துமாகக் கொடுத்தார்கள். ஏற்கெனவே உப்பிப்போன வலது அறைக்குள் மேலும் நீரை நிரப்பினால் அது நடுச்சுவரை இன்னும் தள்ளும், இடது அறைக்கு இடமில்லாமல் போகும், அழுத்தம் மேலும் இறங்கும் என்று விளக்கிய பிறகுதான் புரிந்தது. எல்லா நோயாளிக்கும் இப்படி என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு அது ஒத்துவந்தது. இப்போது பேரனோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்.

இரவுப்பணித் தாதி, பினாங்கு

அக்கா திரையில் பார்த்ததை நாங்கள் மானிட்டரில் பார்ப்போம். பீப் (PEEP) என்று ஓர் அளவு உண்டு. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கக் கருவி விட்டுவைக்கும் அழுத்தம் அது. பிராணவாயு ஏறட்டும் என்று அதைக் கூட்டுவார்கள். விரலில் மாட்டிய கருவியில் எண் 88இலிருந்து 93க்குப் போகும், எல்லோருக்கும் நிம்மதி. சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரியும், அழுத்தத்தைத் தாங்கும் மருந்தான நோர்அட்ரினலினை ஏற்ற வேண்டி வரும். நுரையீரலுக்கு நல்லது செய்யப் போய் இதயத்தை நெருக்கிவிட்டோம் என்று பொருள். பிறகு பேசி, பீப்பைக் கொஞ்சம் இறக்கி, 90இல் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

கரியமில வாயு இன்னொரு தலைவலி. நுரையீரல் கிழியாமலிருக்கச் சிறு சிறு மூச்சாகத்தான் கொடுக்க வேண்டும். உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர். ஆள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் நுரையீரல் பெரிதாகிவிடாதல்லவா? ஆனால் மூச்சு சிறுத்தால் கரியமில வாயு தேங்கும், தேங்கினால் நுரையீரல் குழாய்கள் மேலும் சுருங்கும், சுமை திரும்பவும் அதே வலது அறை மீது.

நான் மிகவும் நம்புவது குப்புறப் படுக்க வைப்பதை. குழாய் பிடிக்க ஒருவர், பக்கத்துக்கு இருவர் என்று கூடித்தான் திருப்ப முடியும். முகத்தில் புண் வராமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு. பிரான்சிலும் ஸ்பெயினிலும் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 16 விழுக்காடு, மற்றவர்களில் 32.8 விழுக்காடு. முதுகுப்புற நுரையீரல் திறந்துகொள்வதால் வலது அறையின் சுமையும் குறைகிறது. திருப்பிய சில மணி நேரத்தில் நோர்அட்ரினலினைப் படிப்படியாக இறக்கியிருக்கிறேன். எல்லோருக்கும் அல்ல, ஆனால் பலருக்கு.

செந்தூல் அம்மா

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், நன்றாக விளக்குகிறீர்கள். என் கணவர் நடந்துதான் ஆம்புலன்சில் ஏறினார். அந்தக் கருவியில் போட்ட பிறகுதான் இதயம் நின்றது. கருவியின் அழுத்தம் இதயத்தை நெருக்கும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் நான் இத்தனை நாளும் நினைத்தது சரிதானே?

எக்கோ அக்கா, கோலாலம்பூர்

அம்மா, உங்கள் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. கருவியின் அழுத்தம் வலது இதயத்துக்குச் சுமைதான். அதை மறுக்கும் மருத்துவர் இருக்க மாட்டார். ஆனால் அந்தச் சுமையில் பெரும்பங்கு நோயினுடையது. பிராணவாயு குறைந்த நுரையீரலில் குழாய்கள் சுருங்குவதும் இரத்தம் கட்டுவதும் கருவி வருமுன்பே தொடங்கிவிடும். குழாய் போடாமல் விட்டால் நோயாளி முழு பலத்தோடு மூச்சை இழுத்து இழுத்துத் தவிப்பார். அந்த இழுப்பே நுரையீரலை மேலும் புண்ணாக்கலாம், பிராணவாயு இன்னும் இறங்கும், கடைசியில் தசைகள் ஓய்ந்துவிடும். நடந்து வந்தவர் என்கிறீர்கள். கோவிட்டில் பிராணவாயு மிகவும் குறைந்திருந்தும் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் வந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்தோம். உள்ளே இருந்த நிலை வெளியே தெரியவில்லை.

உங்கள் கணவருக்கு என்ன நடந்தது என்று அவருடைய குறிப்புகளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவேட்டுப் பிரிவில் படிவம் கொடுப்பார்கள். அறிக்கை கையில் வந்ததும், விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவரை நேரில் பார்க்கக் கேளுங்கள்.

மலைப்படிக்காரன், பத்துமலை

பிழைத்து வந்தவன் பேசுகிறேன். கருவியில் இருந்த நாள்கள் எனக்கு நினைவில்லை. கெட்ட கனவுகள் மட்டும் மிச்சம். இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது என்று வீட்டுக்கு வந்தபின் மனைவி சொல்லித்தான் தெரியும். சில மாதங்கள் கழித்து எடுத்த எக்கோவில் எல்லாம் சரியாகிவிட்டது. நுரையீரல் தேறினால் வலது இதயத்தின் சுமை இறங்கும் என்றார் மருத்துவர். கால்களுக்குத்தான் இதயத்தைவிட அதிகக் காலம் பிடித்தது. பத்துமலையின் 272 படிகளில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பாட்டி ஒருவர் என்னைக் கடந்து போனார், சுண்டல் பொட்டலத்தோடு!

கேள்விக்காரன், செராஸ்

என் மைத்துனர் இப்போது சுவாசக் கருவியில் இருக்கிறார். வைரஸ் நிமோனியா. இதயமும் பாதிக்கப்பட்டிருக்கிறதாம். ஐ.ஜே.என்.னுக்கு (தேசிய இதயக் கழகம்) மாற்றச் சொல்லி வீட்டில் எல்லோரும் நெருக்குகிறார்கள். கடன் வாங்கியாவது செய்யலாமா?

எக்கோ அக்கா, கோலாலம்பூர்

தம்பி, கடன் வாங்குமுன் ஒன்று கேளுங்கள். பாதிப்பு இடது பக்கமா, வலது பக்கமா? இடது என்றால் வைரஸ் இதயத் தசையையே தாக்கியிருக்கலாம், அல்லது உடலின் அதிர்ச்சியால் தசை தற்காலிகமாகச் சோர்ந்திருக்கலாம். அப்போது இதய நிபுணர் பார்ப்பதில் பொருள் உண்டு. வலது என்றால், பெரும்பாலும் வைத்தியம் நுரையீரலுக்கும் கருவியின் அமைப்புக்கும்தான். நுரையீரல் குழாயில் பெரிய இரத்தக்கட்டி இல்லை என்று பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள், அதற்குச் சிகிச்சையே வேறு. எக்கோ இயந்திரத்துக்குச் சக்கரம் உண்டு, கட்டில் அருகே வந்துவிடும். கருவியோடு இருப்பவரை ஆம்புலன்சில் ஏற்றுவதுதான் ஆபத்து. வழியில் பிராணவாயு இறங்கினால் வலது அறை தாங்காது. இப்போது இருக்கும் மருத்துவமனையில் இல்லாத எந்தச் சிகிச்சைக்காக மாற்றுகிறோம் என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டுப் பிறகு வீட்டாரிடம் பேசுங்கள்.