பாதிப் புள்ளி வீட்டிலா, பட்டறையிலா?

உளிமுனை:
"ப்ரொடக்ட் டிசைன், கிராஃபிக் டிசைன் இரண்டும் ஒரே கைவேலைதான், பாதிப் புள்ளியைத் தகப்பனே வீட்டில் செய்து கொடுத்துவிடலாம்" என்று கணக்குப்பிள்ளை ஐயா நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவு முழுவதும் எரிச்சலோடு கிடந்தேன். என் மகள் இலண்டனில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய சிக்ஸ்த் ஃபோர்ம் இரண்டாம் ஆண்டில், பாவனைப் பொருள்களை வடிவமைக்கும் ப்ரொடக்ட் டிசைன் பாடம் படிக்கிறாள். ஏகியூஏ பரீட்சைச் சபையின் ஏ லெவல் (அதாவது உயர்தர) திட்டத்தில் இரண்டரை மணித்தியால வினாத்தாளுக்கு 30 வீதம், ஒன்றரை மணித்தியால வினாத்தாளுக்கு 20 வீதம், ஒப்படைக்கு 50 வீதம். அந்த ஒப்படையை அவள் செய்வது கல்லூரிப் பட்டறையில், ஆசிரியரின் கண்முன்னே, வீட்டில் அல்ல.

கணக்குப்பிள்ளை:
பாதி என்பதை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதிய எங்களுக்கு மண்டபத்துக்குள் இருந்து எழுதியது மட்டுமே புள்ளி. தங்கள் தொழில் சமையலறைகளுக்கு அலுமாரி பொருத்துவது என்பதைத் தாங்களே இங்கு பலமுறை பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வாளும் சீவுளியும் கிடக்க, பிள்ளையின் ஒப்படையில் தகப்பனின் கை படவில்லை என்று நம்புவதற்கு நான் பச்சைக் குழந்தை அல்லன்.

உளிமுனை:
என் தொழிலைப் பற்றிப் பேச வேண்டாம். அதில் எனக்குக் கூச்சமும் இல்லை. மகள் எடுத்துக்கொண்ட பொருள், தரையில் குந்த முடியாத அப்பம்மாவுக்காகச் சமையல் மேடையின் விளிம்பில் இறுக்கிப் பொருத்தும் தேங்காய்த் துருவலை. பாவிக்கப்போகிறவரிடம் கேட்டறிவது, கடையில் உள்ளவற்றை ஆராய்வது, கணினியில் வரைவது, அட்டையில் மாதிரி செய்து சோதிப்பது, பிழைத்ததைத் திருத்துவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் கோப்பில் சான்று வேண்டும். அது தன் வேலைதான் என்று மாணவியும், அதை உறுதிப்படுத்தி ஆசிரியரும் கையொப்பமிட வேண்டும். ஆசிரியர் இட்ட புள்ளியைப் பரீட்சைச் சபை மறுபடி சரிபார்க்கும். இவ்வளவும் வீட்டில் அல்ல.

பனங்கூடல்:
மேடையில் பொருத்தும் துருவலை தமிழ்க்கடைகளில் எப்போதோ வந்துவிட்டது. கைபிடியைச் சுற்றினால் போதும். இதற்கு இரண்டு வருடப் படிப்பா?

உளிமுனை:
அந்தச் சுற்றும் துருவலையை மூட்டுவாதம் பிடித்த கையால் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

ரெடிங்வாசி:
சண்டைக்கு முன் ஒரு விளக்கம். ப்ரொடக்ட் டிசைன் என்பது டிசைன் அண்ட் டெக்னாலஜி பிரிவைச் சேர்ந்தது. அதன் எழுத்துத் தேர்வுகளில் குறைந்தது 15 விழுக்காடு கணிதத் திறனுக்கு உரியது. நீங்கள் கிராஃபிக் டிசைன் என்று சொல்லும் கிராஃபிக் கம்யூனிகேஷனோ ஓவியப் பாடப்பிரிவைச் சேர்ந்தது. அதில் 60 விழுக்காடு மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஆய்வுக்கும், 40 விழுக்காடு சபை தரும் தலைப்பில், 15 மணிநேரக் கண்காணிப்போடு முடிக்கும் படைப்புக்கும் போகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டால் நல்லது. மேலும் அது "புள்ளி" அன்று, மதிப்பெண்.

பனங்கூடல்:
நாங்கள் பிறந்ததிலிருந்து புள்ளி என்றுதான் சொல்கிறோம். மதிப்பெண்ணைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ரெடிங்வாசி நல்ல செய்தியைத்தான் கொண்டுவந்திருக்கிறார்: கிராஃபிக்கில் வினாத்தாளே இல்லை! பாதி என்று நான் சொன்னது குறைவாகப் போய்விட்டது. இதனால்தான் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழுமம், பல்கலைக்கழக அனுமதிக்கு உதவும் பாடங்கள் என்று 2011இல் வெளியிட்ட பட்டியலில் இவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை.

உளிமுனை:
அந்தப் பட்டியலை அக்குழுமமே 2019இல் கைவிட்டுவிட்டது. செத்த மாட்டை இன்னும் கறக்கிறீர்கள். கிராஃபிக் என்றால் என்னவென்று அறியாதவர் யார் என்பதைப் போன வருடப் பொங்கல் விழாத் துண்டுப்பிரசுரம் ஊருக்கே காட்டியது: "பொங்கல்" என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்க, கால் எங்கோ தொங்கியது. அதைத் தயாரித்தவர் இங்கேதான் இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அது அச்சகத்தின் கணினியில் எழுத்துரு இல்லாததால் வந்த பிழை என்பதை அன்றே விளக்கினேன். ஒரு சதம் வாங்காமல் செய்த வேலை அது. வடிவமைப்பைச் சிக்ஸ்த் ஃபோர்மில் படித்தா இந்த நாட்டில் சாதித்தார்கள்? 1933இல் வெளிவந்த இலண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் போட்ட ஹரி பெக், மின்சுற்று வரைந்துகொண்டிருந்த வரைவாளர். இம்பீரியல் கல்லூரியில் வடிவமைப்புப் பொறியியல் கற்பிக்கும் டைசன் பள்ளியும் கணிதத்தைத்தான் கட்டாயம் என்கிறது.

உளிமுனை:
மகள் கணிதமும் படிக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை. பெக்கைச் சொன்ன வாயால் மார்கரெட் கல்வெர்ட்டையும் சொல்லுங்கள். ஜோக் கின்னியரோடு சேர்ந்து அவர் வடிவமைத்து 1965இல் நடைமுறைக்கு வந்த வீதிக் குறிகளைப் பார்த்துத்தான் நீங்கள் நாள்தோறும் கார் ஓட்டுகிறீர்கள். அவர் செல்சியில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்.

கணக்குப்பிள்ளை:
கல்வெர்ட் அம்மையாரின் தகப்பன் சமையலறை பொருத்தினாரா என்பது எனக்குத் தெரியாது. கேள்வி ஒன்றே: மேடை விளிம்பைக் கவ்வும் துருவலையின் தாடையை அறுத்தது யார்?

ரெடிங்வாசி:
இரண்டும் வேறு வேறு பாடம் என்று எழுதியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

உளிமுனை:
மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்: வீட்டில் அல்ல. முதன்முறை அறுத்தபோது தாடையின் ஒரு பக்கம் 2 மில்லிமீற்றர் கூடிப்போய், மேடையில் ஏற்றியதும் துருவலை ஆடியது. அந்தப் பிழையும் திருத்தமும் படங்களோடு கோப்பில் இருக்கின்றன. இருபத்திரண்டு வருடம் மரம் அறுத்த நான் அதைத் தொட்டிருந்தால் 2 மில்லிமீற்றர் கூடியிருக்குமா?

கணக்குப்பிள்ளை:
கெட்டிக்காரத் தகப்பன் அந்த 2 மில்லிமீற்றரை வேண்டுமென்றே விட்டிருப்பான்.