தீபாவளிச் செலவு: போன பதிவுக்குப் புதுப்பிப்பு

போன தீபாவளிக்கு கார்டைத் தேய்த்துவிட்டு மாசி வரை வட்டி கட்டினேன், இந்த முறை கடனில்லாமல் சமாளிப்பது எப்படி என்று ஆடியில் கேட்டிருந்தேன். யாருக்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு கவரில் மாதாமாதம் பணம் போட்டு வைக்கச் சொன்னீர்கள். போட்டேன். மாதம் 2,000 வீதம், நான்கு மாதத்தில் 8,000.

முதல் சோதனை வேலூர் லாங்கு பஜாரில். அம்மா கவரில் 1,000, அவருக்குப் பிடித்த புடவையோ 1,150. "கார்டு இருக்கா சார்?" என்றார் கடைக்காரர். எனக்குச் சட்டை வாங்க வைத்திருந்த கவரைப் பிரித்து 150 எடுத்தேன். என் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி, அதற்கு மாதம் நூற்றுக்கு மூணு ரூபாய் வாங்கும் வட்டிக்காரரே மேல்!

மாமனாருக்கும் மச்சானுக்கும் குடியாத்தம் கைலி. அக்கா பிள்ளைகளுக்குப் பணமாகவே கொடுத்துவிட்டேன்.

பயமெல்லாம் தங்கையின் தலைதீபாவளிதான். மோதிரம் எதிர்பார்ப்பார்களோ என்று தூக்கமே இல்லை. அம்மா சம்பந்தியிடம் நேராகவே பேசிவிட்டார்: இருவருக்கும் துணி, ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா, மோதிரம் பிறகு. அவர்களும் சரி என்றுவிட்டார்கள். இதை முன்பே பேசியிருக்கலாம்.

பட்டாசுக்குக் கவர் போட மறந்தேன். அது என் சட்டைக் கவரிலிருந்தே போனது. சரி, பழைய சட்டைதான் இந்த வருஷம்.