17 பேருள்ள வீட்டுக்கு எவ்வகையான குடும்பப் படம் பொருந்தும்?

கேள்வி: கல்லடியிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தம்பி 11 ஆண்டுகளுக்குப் பின்னர், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டி, மனைவி பிள்ளைகளுடன் கனடாவிலிருந்து ஊருக்கு வருகிறான். களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கா குடும்பமும் திருக்கோவிலிலிருந்து சின்னம்மாவும் வந்து சேர்ந்தால் வீட்டில் 17 பேர் இருப்போம். இத்தனை பேரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருந்த அல்பங்கள் யாவும் 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. இம்முறை ஒரு படப்பிடிப்பாளரை ஒழுங்கு செய்து நல்ல குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப்பட்ட படம் என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

அப்பாவுக்கு, அந்தக் காலத்து ஸ்ரூடியோப் படங்களைப் போல, பெரியவர்கள் கதிரையில் இருக்க மற்றவர்கள் பின்னால் வரிசையாக நிற்கும் படம் வேண்டும். தம்பியின் மனைவிக்குப் பாசிக்குடாக் கடற்கரையில், எல்லோரும் வெள்ளை உடுத்து, நடந்தும் சிரித்தும் இருக்கும் படங்கள் வேண்டும். வெள்ளை என்றதும் அம்மா, “என்ன, செத்த வீட்டுக்கா போகிறோம்?” என்று கேட்டுவிட்டார். அத்துடன் அம்மா கடற்கரைக்குப் போவதும் இல்லை. பெரியண்ணாவை அந்தக் கடல்தான் கொண்டுபோனது.

அண்ணாவுடையதென எஞ்சியது, அடையாள அட்டைக்காக எடுத்த படத்தின் பிரதி ஒன்றுதான். மாமா வீட்டில் கிடைத்த அதைப் பெருப்பித்துச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். அதைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா, “இது அவன்தான், ஆனால் அவன் மாதிரி இல்லை” என்பார். ஆகையால் விறைத்து நிற்கும் படமும் அவருக்கு வேண்டாம். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. விறாந்தை மேற்கே வாவிப் பக்கம் பார்த்தது. முன் வளவு ஓரளவு விசாலமானது. எங்களைப் போன்ற வீட்டுக்கு எந்த வகை பொருந்தும் என்பதை, அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பழைய ஸ்ரூடியோக்காரர், கல்முனை

மகள், நான் படச்சுருள் காலத்தில் தொழில் பழகியவன். 120 என்ற வகைச் சுருளில் சதுரப் படமாக எடுத்தால் 12 படங்கள்தான் வரும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் ஆட்களை ஒழுங்குபடுத்துவதிலேயே எங்கள் நேரம் போனது. உங்கள் அப்பா கேட்பது அந்த ஒழுங்கைத்தான். அதைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். 17 பேருடைய முகங்களும் தெளிவாகத் தெரிந்து, யார் யாருடைய பிள்ளை என்று 50 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவர் விரல் வைத்துச் சொல்லக்கூடிய படம், வரிசையாக நின்று எடுத்த படமாகத்தான் இருக்க முடியும்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கரையில் பலர் தவறுவது இதில்தான். கொழும்புக் காலிமுகத்திடலில் எடுத்த மாலைப் படங்களைப் பார்த்துவிட்டு, சூரியன் கடலில் இறங்கும் காட்சியைத் தேடி வருகிறார்கள். எங்களுக்குச் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கத்தில், வயல் பக்கத்தில் படுகிறது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுக்கும். கடலைப் பார்த்து நின்றால் கண் கூசும். கடல் பின்னால் தெரிய வேண்டுமானால் மாலை 5 மணியளவில் நிற்க வேண்டும். ஆனால் ஆடியில் வெயில் ஏற ஏறக் கச்சான் காற்றும் எழும்பிவிடும். சேலைத் தலைப்பையும் முடியையும் பிடிப்பதிலேயே பெண்களின் கவனம் போய்விடும். அம்மா வராத இடத்தில் எடுக்கும் படத்தைக் குடும்பப் படம் என்று சொல்வதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் விறாந்தை மேற்குப் பார்த்தது என்பது பெரிய வசதி. காலை 8 மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். விறாந்தையும் முன் வளவின் ஒரு பகுதியும் நிழலாக இருக்கும். திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் எல்லா முகங்களிலும் ஒரே அளவாக விழும். கண்குழியில் கறுப்பு விழாது, காற்றும் அடங்கியிருக்கும். தீர்த்தத்தன்று மட்டும் வைக்க வேண்டாம். விரதமும் சனக்கூட்டமுமாக அன்றைக்கு எவரும் ஒரு நிலையில் இருக்க மாட்டார்கள்.

கதிரையில் ஐந்து பேர், பின்னால் எட்டுப் பேர், முன்னால் பாயில் நான்கு சிறுவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பாளர் 35 மில்லிமீற்றர் வில்லையுடன் ஐந்து ஆறு மீற்றர் தள்ளி நிற்கட்டும். இடம் போதவில்லை என்று 24 மில்லிமீற்றருக்குப் போனால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலித்துத் தெரிவார்கள். எந்த வீட்டிலும் ஓரத்தில் நிற்பது ஒரு மாமியாகத்தான் இருக்கும், அந்தக் கோபம் ஆண்டுக்கணக்கில் தீராது. வில்லையில் ஒளி புகும் துவாரம் எஃப்/8 என்ற சிறிய அளவில் இருந்தால் மூன்று வரிசையும் தெளிவாக வரும், எஃப்/1.8 என்று அகலத் திறந்து பின்னணியை மங்கச் செய்யும் இன்றைய வழக்கம் ஓரிருவருக்குச் சரி, வரிசைப் படத்துக்கு உதவாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதன் கைகளைக் காதுக்கு மேல் சற்றே உயர்த்திக்கொண்டால் ஒளித்தெறிப்பு மறையும். ஒரே நிலையில் பத்துப் படங்களாவது எடுக்கச் சொல்லுங்கள். 17 பேரில் ஒருவர் கட்டாயம் கண்ணை மூடுவார்.

நடுவில் யார் இருப்பது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மருமகன்தான் வந்து குடியேறுகிறான். ஒருவர் எந்தக் குடியை, அதாவது எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்பதும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. ஆகவே நடுக்கதிரை அம்மாவுடையது என்பது என் அபிப்பிராயம். அப்பா கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சின்னம்மா கைம்பெண்ணாக இருந்தால் ஓரமாக ஒதுங்கப் பார்ப்பார். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்துங்கள்.

மறுமொழி 2: காத்தான்குடிச் சகோதரி

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா வரிசைப் படத்தைப் பற்றி எழுதியவை யாவும் சரியே. ஆனால் அந்தத் தாயார் “அவன் மாதிரி இல்லை” என்று சொன்னதற்கு அதில் விடை இல்லை. வரிசைப் படம் ஒருவர் இருந்தார் என்பதைக் காட்டுகிறது. அவர் எப்படி இருந்தார் என்பது, அவர் கமராவை மறந்திருக்கும் வேளையில்தான் தெரிகிறது.

எங்கள் வீட்டில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். தங்கையின் குழந்தைக்குப் பெயர் சூட்டிய நாளில், இயல்பான படங்கள் எடுப்பதில் பெயர் பெற்ற ஒருவரை அழைத்தோம். அவர் மரியாதையானவர், தொழிலும் தெரிந்தவர். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் வீட்டுக்குள் நிற்கையில் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போய்விட்டார்கள். மூத்தம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. வந்த படங்களில் எல்லாம் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதன் பின்னர் ஒரு நோன்பு நாளில், மூத்தம்மா சமையலறை யன்னலருகில் இருந்து கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியால் நானே இரண்டு படங்கள் எடுத்தேன். இன்று அவர் இல்லை. உம்மா அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. வரிசைப் படத்தை வெளியாள் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அவருடைய சொல்லுக்குத்தான் எல்லோரும் அடங்கி நிற்பார்கள். இயல்பான படத்தை, அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும் உரிமை உள்ள ஒருவரே எடுக்க முடியும். உங்கள் மருமக்களில் ஒருவரிடம், அல்லது அக்கா மகளிடம், அந்தப் பொறுப்பை ஒரு வாரத்துக்குக் கொடுங்கள். யன்னல் வெளிச்சம் போதும். உள்ளே எரியும் ரியூப் லைட்டை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். இரு வேறு வெளிச்சங்கள் கலந்தால் தோலின் நிறம் ஒரு பக்கம் ஒருமாதிரித் தெரியும். ஓடும் பிள்ளைகளைப் படம் பிடிப்பதானால் வெளியே வளவில், வெளிச்சம் நிறைய உள்ள இடத்தில் எடுப்பது நல்லது. கமராவின் மூடுதிரை வேகம் 1/250 வினாடிக்குக் குறைந்தால் கைகால்கள் கலங்கிவிடும்.

இன்னுமொன்று. படப்பிடிப்பாளர் தம்முடைய விளம்பரத்துக்காக உங்கள் படங்களை முகநூலில் இடலாமா கூடாதா என்பதை முற்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பெண்கள் படம் எடுக்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கமரா அல்ல, படம் எங்கே போய்ச் சேருமோ என்ற பயமே. பெண் படப்பிடிப்பாளர் கிடைத்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மறுமொழி 3: தம்பிலுவிலான்

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். தங்கையின் சாமத்தியச் சடங்குக்கு வளவில் நீலத் தறப்பாள் கட்டி, அதற்குக் கீழே குடும்பப் படமும் எடுத்தோம். எல்லா முகமும் நீலம் பாரித்து வந்தது. அதைத் திருத்துகிறேன் என்று அந்த ஸ்ரூடியோவில் கணினியில் போட்டு, கேட்காமலே எல்லோரையும் வெளுக்கச் செய்துவிட்டார்கள். எங்கள் அம்மா நல்ல கறுப்பு. அல்பத்தில் இருப்பவர் வேறு யாரோ ஒரு அம்மா. ஆகவே முகத்தை வெளுக்கவோ சுருக்கத்தை அழிக்கவோ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். படப்பிடிப்பாளர் முன்னர் எடுத்த ஒரு குடும்பத்தின் அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காட்டச் சொல்வதும் நல்லது. முகநூலில் கிடக்கும் ஐந்து நல்ல படங்களை வைத்து ஒருவருடைய கையை மதிப்பிட முடியாது.

மற்றது, படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கி அதையே அச்சிடக் கொடுக்காதீர்கள். அதில் படம் பெரிதும் சுருக்கப்பட்டே வருகிறது. 12க்கு 18 அங்குலப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சாக வேண்டுமென்றால் 3600க்கு 5400 புள்ளிகள் தேவை. மூலக் கோப்பை வாங்கி, ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி கனடாவில் தம்பியிடமும் இருக்கட்டும். சட்டமிடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாதபடி சுற்றிவர அட்டை வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கரையோர ஈரத்தில், மாரி வந்தால், படம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு உரித்து எடுக்க முடியாது.

மீண்டும் கல்லடியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. மறுமொழிகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுக்கதிரை விடயத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வீடு அவளுடையதுதானே” என்றார். தீர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் காலை விறாந்தையில் வரிசைப் படம் எடுப்பது என்று தீர்மானித்துள்ளோம். உடை வெள்ளை இல்லை. அவரவர் விரும்பியதை உடுக்கலாம், பெரிய கட்டங்களும் எழுத்துகளும் உள்ள சட்டைகளை மட்டும் தவிர்ப்பதாக உடன்பட்டோம். தம்பி குடும்பம் பாசிக்குடாவுக்குத் தாங்களாகப் போய் நான்கு பேராக எடுத்துக்கொள்ளட்டும்; அதுவும் நியாயமான ஆசைதான். அக்காவின் மூத்த மகள் சமையலறையில் இயல்பான படங்கள் எடுக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறாள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

ஒன்றே ஒன்று தீரவில்லை. பெரியண்ணாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அம்மா கையில் கொடுப்பதா என்று அக்கா கேட்கிறாள். கொடுத்தால் அம்மா அழுதுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். கொடுக்காமல் 17 பேரும் நின்றால் அண்ணாவை விட்டுவிட்டோம் என்று இருக்கும். ஐயா என்ன சொல்கிறீர்கள்?

மறுமொழி 4: பழைய ஸ்ரூடியோக்காரர், கல்முனை

கையில் கொடுக்க வேண்டாம், மகள். அந்தப் படம் விறாந்தைக் கதவுக்கு நேரே உள்ள சுவரில் மாட்டப்பட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் நாளே அங்கே மாற்றி மாட்டிவிடுங்கள். நடுக்கதிரையைக் கதவுக்கு முன்னால் போட்டு, கதவைத் திறந்து வைத்து, அம்மாவுக்குப் பின்னால் ஒருவரையும் நிறுத்தாமல், எட்டுப் பேரையும் இரு பக்கமும் நான்கு நான்காகப் பிரித்துவிடுங்கள். எஃப்/8இல் உள்சுவரும் போதிய அளவு தெளிவாக வரும். வெளியே வெளிச்சம் கூடுதலாக இருப்பதால் உள்ளே இருட்டாகத் தெரியும். அதனால் அந்த அறையில் ஒரு மின்குமிழை எரியவிடுங்கள், ஆனால் அதன் ஒளி சட்டத்தின் கண்ணாடியில் தெறிக்காதபடி பக்கவாட்டில் இருக்கட்டும். படப்பிடிப்பாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பின்னால் ஏதோ தெரிகிறது என்று கதவைச் சாத்திவிடுவார்.