பச்சை லேசர் விடியற்காலையில் மங்குகிறது: பற்றறியா, பளிங்கா?

கேள்வி (கொக்குவில், பௌதிகவியல் ஆசிரியை)
மார்கழி விடியலில் பிள்ளைகளுக்கு வெள்ளிகளைக் காட்டவென்று ஒரு மலிவான பச்சை லேசர் சுட்டி வாங்கினேன். ஐந்து மணிக்கு எடுத்தால் மங்கல். உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்தி வைத்தால் பளிச்சென்று வருகிறது, அப்புறம் தானாகவே கூடிக் குறைகிறது. பற்றறியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். பழைய சிவப்புச் சுட்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஏன்?

மறுமொழி (சுன்னாகம்)
ரீச்சர், பற்றறியில் பிழை இல்லை. சிவப்பில் டயோட்டே சிவப்பாக ஒளிரும். இப்படியான பச்சைச் சுட்டியில் பச்சை நேராகப் பிறப்பதில்லை. டயோட்டு 808 நானோமீற்றரில் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரைத் தரும். நியோடிமியம் என்ற உலோகம் கலந்த பளிங்கு அதை விழுங்கி 1064-ஐ உமிழும். கே.ரி.பி (பொற்றாசியம் ரைற்றனைல் பொஸ்பேற்று) பளிங்கு அதன் மீடிறனை இரட்டிக்க, 532 பச்சை வரும். குளிரில் டயோட்டின் அலைநீளம் பாகைக்கு ஏறத்தாழ 0.3 நானோமீற்றர் விலகும். அதனால் பளிங்கு விழுங்குவது குறையும். பச்சையோ 1064-இன் செறிவின் வர்க்கத்தோடு போகும்: அது பாதியானால் இது காற்பங்கு.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உள்ளே செந்நிறக்கீழ்க் கதிர் வடிகட்டி இல்லாவிட்டால், மங்கலாகத் தெரியும்போதுதான் ஆபத்து. தெரியாத கதிர் கசியும். கண் கூசாது, இமையும் மூடாது. கடதாசியில் துளையிட்டு அதனூடாக ஒரு சீடீயில் அடியுங்கள். சீடீயின் நுண்வரிகள் கதிர்களை அலைநீளப்படி பிரிக்கும்; கடதாசியில் திரும்பி விழும் புள்ளிகளைக் கைபேசியின் முன்கமராவால் பாருங்கள். முதலில் ரீவி றிமோட்டை அமத்தி, கமராவுக்கு அந்தக் கதிர் தெரிகிறதா என்று சோதியுங்கள். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள்.

கேட்டவர்
பார்த்தேன். முதலாம், இரண்டாம் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு வெளிர் ஊதாப் புள்ளி, கமராவில் மட்டும். இன்னொன்று, ஒரு மாணவன் கேட்கிறான்: இரட்டிப்பது ஒளியின் மின்புலமா, காந்தப்புலமா?

மறுமொழி (சுன்னாகம்)
அந்தப் புள்ளி 808. வடிகட்டி இல்லை, இருந்தாலும் போதவில்லை. 1064-ஐத் தனியே தேட வேண்டாம்: அலைநீளம் பச்சையின் சரி இரு மடங்கு என்பதால், அதன் முதலாம் புள்ளி பச்சையின் இரண்டாம் புள்ளிமேலேயே விழுந்து ஒளிந்துகொள்ளும்.

மாணவனுக்கு: மின்புலம்தான். ஒரு பக்கம் கிடுகுவேலியில் இடிபடும் ஊஞ்சலை நினைக்கச் சொல்லுங்கள். கே.ரி.பி-யில் இலத்திரன் ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் அசையும். அந்தச் சமமின்மையில்தான் இரட்டை மீடிறன் பிறக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் இரு பக்கமும் சமம், அதனால் இரட்டிப்பு இல்லை. காந்தவிசை, மின்விசையைவிட இலத்திரனின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதமளவு சிறியது. சதுர சென்ரிமீற்றருக்கு 10-இன் 18ஆம் அடுக்கு வாற்று என்ற செறிவில்தான் அது மின்விசைக்கு ஈடாக எழும்பும்.

மறுமொழி (பருத்தித்துறை)
1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஃபிராங்கன் குழு 694.3 நானோமீற்றர் ரூபி லேசரைப் படிகக்கல்லில் செலுத்தி 347.2-ஐப் பெற்றது. அவர்களின் ஆய்வுக் கட்டுரைப் படத்தில் அந்த 347.2 புள்ளி மிகச் சிறிது. அழுக்கென்று நினைத்து அச்சில் அழித்துவிட்டார்கள். மாணவனுக்கு அந்தப் படத்தையும் காட்டுங்கள் ரீச்சர்.

கேட்டவர்
காட்டுகிறேன் அண்ணை. சுட்டியிலிருந்து பற்றறியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். நாளை விடியலில் வெள்ளிகளை விரலால் காட்டுவேன்.