கோபியிலிருந்து ஹம்பி, 150 சிசி வண்டி, ரெண்டு ஆள்: என்னென்ன பாக்கோணும்?

கொடிவேரி:
வணக்கமுங்க. தை கடைசியில கோபி, சத்தி, திம்பம், சாமராஜ்நகர், மைசூர் வழியா ஹம்பி போலாம்னு இருக்கறோம். அஞ்சு நாள், ஒரே வண்டியில ரெண்டு பேரு. அஞ்சு வருச வண்டி, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. முன்னால டிஸ்க், பின்னால டிரம், டியூப்லெஸ் டயர். செயின் செட் மாத்தி 17,000 கிலோமீட்டர் ஆச்சு. அது தாங்குமுங்களா? முந்தின நாள் சர்வீஸ் விட்டுட்டுக் கிளம்புனாப் போதுமா? கையில என்ன ஸ்பேர் வெச்சுக்கறது?

பழைய ஸ்பேனர்:
முந்தின நாள் சர்வீஸ் மட்டும் வேண்டாமுங்க தம்பி. கழட்டி மாட்டுன வண்டியில எங்கியாச்சும் ஒரு நட்டு சரியா இறுகாம இருக்கும், ஆயில் ட்ரெயின் போல்ட் வாசர் கசியும், புது கேபிள் இழுபட்டு லூசாகும். இதெல்லாம் நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் வெளிய தெரியும். பத்து நாளைக்கு முன்னாடியே சர்வீஸ முடிங்க. அப்பறம் பேக் எல்லாம் ஒட்டுக்காக் கட்டி, பின்னால ஆள உக்கார வெச்சு அந்தியூர் போயி பர்கூர் மலை ஏறி இறங்குங்க. வந்ததும் கேரியர், சைலென்சர், நம்பர் பிளேட், கண்ணாடி போல்ட்டெல்லாம் ஸ்பேனர் போட்டுப் பாருங்க. பாதி லூசாயிருக்கும்.

செயினுக்கு ஒரு சோதனை. பின் ஸ்பிராக்கெட்டோட (செயின் ஓடற பல் சக்கரம்) கடைசிப் பக்கம், நம்பர் பிளேட்டைப் பாத்த இடத்துல, செயினை விரலால வெளிய இழுங்க. பல்லுல பாதி கண்ணுக்குத் தெரிஞ்சா அது முடிஞ்சு போச்சு. பல்லு ஒரு பக்கமாச் சாஞ்சு கொக்கி மாதிரி இருந்தாலும் அதே கதைதான். மாத்துனா ரெண்டு ஸ்பிராக்கெட்டும் செயினும் சேத்தே மாத்துங்க. தேஞ்ச பல்லுல புதுச் செயின் போட்டாச் சீக்கிரம் அதும் கெட்டுரும்.

செயின் டென்சனையும் சொல்லிடறேன். பெரும்பாலான 150 சிசிக்கு மேலும் கீழும் 25லிருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம். உங்க வண்டி மேனுவல்ல வேற இருந்தா அதான் கணக்கு. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, செயின் எந்த இடத்துல நெம்ப இறுக்கமா இருக்குதோ அங்கதான் அளக்கோணும். ரெண்டு ஆளு உக்காந்தா இன்னும் இறுகும். இறுக்கிக் கட்டுன செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னுரும், அந்தச் செலவு எங்கியோ போயிரும். ஸ்விங் ஆர்ம்ல (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை) ரெண்டு பக்கக் கோடும் ஒரே அளவுல இருக்கோணும். 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா, பொழுதோட வண்டிய நிறுத்துனதும் சூடா இருக்கறப்பவே 90 நம்பர் கியர் ஆயில் விட்டு, திருப்பூர் வேஸ்ட் துணியில மேலாப்புலத் தொடச்சு விடுங்க.

ஸ்பேர்ல முதல் இடம் கிளட்ச் கேபிளுக்கு. புதுசை ஓடற கேபிள் பக்கத்துலயே படுக்க வெச்சு டேப் சுத்திருங்க, ரெண்டு நுனிக்கும் பாலித்தீன் கட்டிருங்க. அறுந்தா ரெண்டு முனையையும் மாத்தி மாட்டறதுதான் வேலை. ஆக்சிலரேட்டர் கேபிள், ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஃப்யூஸ் நாலு, செயின் லாக் (செயினை இணைக்கற கண்ணி) ஒண்ணு, பஞ்சர் கிட், சின்னப் பம்ப். போதும். பட்டறையவே தூக்கீட்டுப் போகாதீங்க.

திம்பம்27:
லக்கேஜ் பத்தி. கனமானதைக் கீழ, முன்னால தள்ளி வைங்க. பின் அச்சுக்கும் பின்னால கனம் போச்சுன்னா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். சைலென்சருக்கும் அந்தப் பக்கத்துப் பைக்கும் இடையில தகடு வேணும், இல்லீன்னா உருகும். பைக்குள்ள உரச்சாக்கோட பாலித்தீன் உறையப் போட்டுத் துணி வைங்க. காசு குடுத்து வாங்கற கவர விட அது மேல்.

ஹிரியூர், சித்ரதுர்கா வழியா ஹொஸ்பேட் போங்க, ரோடு நல்லாருக்கும். டூவீலருக்கு நேசனல் ஹைவே டோல் இல்ல.

திம்பத்துல 27 கொண்டை ஊசி. பண்ணாரியில ராத்திரிப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்குது, பொழுதிருக்கவே ஏறிருங்க. லாரி வளைவுல முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், பின்னால ஒட்டிப் போயி நிக்காதீங்க. ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை ரோட்டுக்கு வரும். தூரத்துலயே நில்லுங்க, ஹாரன் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

மொபெட் ராசா:
வெயில்ல டயர் வெடிக்கும், காத்தை ரெண்டு மூணு பாயிண்ட் கொறச்சு அடிங்கண்ணா.

பழைய ஸ்பேனர்:
தப்புங்க மாப்ள. காத்து கொறஞ்சாத்தான் டயர் பக்கச் சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறும், வெடிக்கறதும் அதனாலதான். செயின் கவர் ஸ்டிக்கர்ல ரெண்டு ஆளுக்குன்னு தனியாப் போட்டிருப்பான், அதையே அடிங்க, காலையில டயர் குளுந்திருக்கறப்ப. ஓடுனதும் ரெண்டு மூணு பாயிண்ட் ஏறித்தான் காட்டும். அதைப் பாத்துட்டுக் காத்த எறக்காதீங்க.

கொடிவேரி:
நெம்ப நன்றிங்கண்ணா. பிரேக் ஆயில் வாங்குனதுலருந்து மாத்தவே இல்லீங்க. மாத்தோணுமா?

பழைய ஸ்பேனர்:
கட்டாயமுங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கோணும், ஈரம் ஏறுனதுக்கு வெச்சிருக்கற அளவு 155தான். கொதிச்சா ஆவி அமுங்கும், லீவர் கைக்கு ஒட்டிக்கும், வண்டி நிக்காது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தறது முறை, மூடி மேல என்ன நம்பர் போட்டிருக்குதோ அதையே ஊத்துங்க. பின் டிரம்ல பிரேக்கை அமுத்தி அம்புக்குறியப் பாருங்க, கோட்டைத் தாண்டுனா பிரேக் சூ புதுசு போடோணும். போறப்ப திம்பம் ஏத்தம், பிரேக்குக்குப் பெருசா வேலை இல்ல. அஞ்சாம் நாளு களைச்சுப் போயி, தேஞ்ச பேடோட அதே 27 வளைவையும் இறங்கோணும். ரெண்டாவது கியர்லயே இறங்குங்க, நியூட்ரல் மட்டும் போடாதீங்க.