விண்டோஸ் 11 ப்ரோ இமேஜ்ல செட்டப்கம்ப்ளீட் ஸ்கிரிப்ட் ஓடவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

டெஸ்க்டாப் சப்போர்ட்ல இருக்குற மக்களே கொஞ்சம் பாருங்க. ஆபீஸ் லேப்டாப்புக்கெல்லாம் சிஸ்ப்ரெப் பண்ணி (எந்த மெஷின்லயும் போடுற மாதிரி பொதுவாக்கி) எடுத்த விண்டோஸ் 11 இமேஜ்தான் போடுறோம், விபிஎன், ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர் எல்லாத்தையும் விண்டோஸ் செட்டப் முடிஞ்சதும் தானா ஓடுற செட்டப்கம்ப்ளீட் சிஎம்டி ஃபைல்தான் கடைசியா இன்ஸ்டால் பண்ணணும். என்டர்பிரைஸ் இமேஜ்ல சமத்தா ஓடிட்டு இருந்துச்சு, லைசென்ஸ் செலவ குறைக்கணும்னு ப்ரோக்கு மாத்தச் சொன்னாங்க, அதுலருந்து எர்ரரும் இல்ல ஒண்ணும் இல்ல, மொட்டையா லாகின் ஸ்கிரீன் வந்து நிக்குது.

விண்டோஸ் செட்டப் லாக் இருக்குற பேந்தர் ஃபோல்டர்ல அனட்டெண்ட்ஜிசி உள்ள இருக்குற செட்டப்ஆக்ட் லாக்க பார்த்தா, ஓஇஎம் (லேப்டாப் தயாரிச்ச கம்பெனியோட) லைசென்ஸ் இருக்கு அதனால ஸ்கிரிப்ட்ட ஓட்டலன்னு ஒரே ஒரு வரி. பயாஸ்ல அந்த ஓஇஎம் கீ இருந்தா ப்ரோல இப்படித்தானாம், என்டர்பிரைஸுக்கு மட்டும் விலக்கு. இத ஒரு மெசேஜா ஸ்கிரீன்ல காட்டுனா என்ன குறைஞ்சா போயிடும்!

அனட்டெண்ட் ஃபைல்ல (செட்டப் கேக்குறதுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைக்கிற ஃபைல்) ஃபர்ஸ்ட்லாகான் கமாண்ட் போடலாம், ஆனா யாரும் லாகின் பண்ணாம தானா ஓடணும்னா ஆட்டோலாகான் வேணும், அட்மின் பாஸ்வேர்ட் அந்த ஃபைல்லயே கிடக்கும், செக்யூரிட்டி டீம் சாமியாடிருவாங்க. அதே ஃபைல்ல ஸ்பெஷலைஸ் பாஸ்ல (லாகினுக்கு முன்னாடி வர்ற செட்டப் கட்டம்) ரன்சிங்க்ரனஸ் கமாண்டா போட்டா சிஸ்டம் அக்கவுன்ட்லயே ஓடும், ஆனா அந்த நேரத்துல எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் எல்லாம் ஒழுங்கா இன்ஸ்டால் ஆகுமா? இல்ல ஸ்டார்ட்டப்ல ஓடுற ஷெட்யூல்டு டாஸ்க் வச்சு வேல முடிஞ்சதும் அதையே டெலீட் பண்ண வைக்கிறது பெட்டரா? வைஃபை கனெக்ட் ஆகுறதுக்கு முன்னாடியே டாஸ்க் ஓடிட்டா என்ன பண்றீங்க?

மைக்ரோசாஃப்டோட கிளவுட் மேனேஜ்மென்ட் சர்வீஸ் இன்ட்யூனுக்கு போங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்கப்பா, பட்ஜெட் இல்ல. யாராச்சும் ப்ரோ இமேஜ்ல இத ஓட்டிட்டு இருந்தா எந்த வழின்னு சொல்லுங்க.