புதுப்பிப்பு: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வீடியோ கேமை முடித்துவிட்டேன்

(கதையின் திருப்பங்கள் இருக்கின்றன. விளையாடப் போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

போன பதிவில், முதல் பாகத்தின் நாயகன் ஜோயலைக் கொன்ற ஆபி என்ற பெண்ணாகவே பாதி கேமை ஆட வைப்பது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்று எழுதியிருந்தேன். அப்போது நான் பாதி தூரம்தான் வந்திருந்தேன். இப்போது கடைசி வரை ஆடியாகிவிட்டது. அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

என்னை மாற்றியது ஆலிஸ் என்ற நாய். ஜோயலுக்காகப் பழிவாங்கக் கிளம்பும் எல்லியாக ஆடும்போது அதைக் கத்தியால் குத்துகிறோம். பாய்ந்து வந்த ஒரு எதிரி, அவ்வளவுதான் என்று தாண்டிப் போய்விட்டேன். பல மணி நேரம் கழித்து, ஆபியாக அதே நாயோடு விளையாடுகிறோம். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படமாகப் பார்த்திருந்தால் இந்தக் குற்ற உணர்வு வந்திருக்காது. பொத்தானை அழுத்தியது என் விரல்.

2020 ஜூன் 19 அன்று கேம் வெளிவந்த சில மணி நேரத்திலேயே விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பயனர்கள் போட்ட பூஜ்ய மதிப்பெண்கள் குவிந்தன. முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் இது! அடுத்த மாதமே அந்தத் தளம், புது கேம்களுக்குப் பயனர்கள் மதிப்பெண் போட 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நல்ல முடிவு.

ஒரு குறை மட்டும் அப்படியே நிற்கிறது: முடிவை ஒட்டி வரும் சான்டா பார்பரா பகுதி இழுவை. அப்புறம், எல்லி விரல்களை இழந்த கையோடு கிட்டார் வாசிக்கப் பார்க்கும் அந்தக் காட்சி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.